கோணமலைக்கு வந்த ஓவியர் கொன்ஸ்ரன்ஸ் கோர்டன் கம்மிங்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கட்டைபறிச்சானிலுள்ள பழைய மாணவிகளாகிய எங்களைக் கேட்டிருந்தார்கள். கியூரி அம்மையாரும் நைற்றிங்கேல் அம்மையாரும் பாடசாலைச் சஞ்சிகைகளில் பலமுறை வந்துவிட்டார்கள். ஆகவே, நமது கடற்கரைக்கு நேரிலே வந்து, நமது சுவாமி மலையில் நடந்த பூசையைக் கண்டு எழுதிவைத்துவிட்டுப் போன ஒருவரைத் தெரிந்தெடுத்தோம். அவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நிலக்காட்சி ஓவியரான கொன்ஸ்ரன்ஸ் பிரெடெரிக்கா கோர்டன் கம்மிங். தம் காலத்திலே ஆங்கில உலகம் முழுவதும் அறிந்த பெயர். திருகோணமலையில் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பவர்களே அதிகம்.

கொட்டியாரக் குடாவுக்கு வெள்ளைக்காரர் வந்த கதையென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் றொபேட் நொக்ஸ்தான். 1660 இல் மூதூர்க் கரையிலே பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, தப்பிப் போய்ப் புத்தகம் எழுதியவர். அவர் நினைவாக வெள்ளைக்காரன் மரம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். நொக்ஸ் விரும்பி வந்தவரல்லர். கம்மிங் அம்மையார் இருநூறு வருடங்களுக்குப் பிறகு விரும்பி வந்தார், வர்ணப் பெட்டியுடன் வந்தார்.

அவர் 1837 மே 26 இல் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கிலே மொறே வட்டாரத்தில், போரெஸ் என்னும் சிறுநகருக்கு அண்மையிலுள்ள அல்ரயர் என்ற பெரிய குடும்ப மாளிகையில் பிறந்தார். தந்தையார் சேர் வில்லியம் கோர்டன் கம்மிங், பரம்பரைப் பட்டமும் நிலபுலமும் உடையவர். கொன்ஸ்ரன்ஸ் அவருக்குப் பன்னிரண்டாவது பிள்ளை. தாயார் எலைசா மரியா சாதாரணப் பெண்மணியல்லர். ஓவியம் வரைவார். தோட்டக்கலையில் தேர்ந்தவர். அந்த வட்டாரத்துச் செம்மணற் பாறைகளிலிருந்து பழங்கால மீன்களின் உயிர்ச்சுவடுகளைச் சேகரித்து, அவற்றைப் படமாகவும் வரைந்து வைத்தார். புகழ்பெற்ற விஞ்ஞானி லூயி அகாசி அவருடைய சேகரிப்பை ஆராய்ந்து, ஒரு பழைய மீனினத்துக்கு அவர் பெயரையே சூட்டினார். பதின்மூன்றாவது பிரசவத்தை அடுத்து 1842 இல் அந்தத் தாய் இறந்தபோது கொன்ஸ்ரன்சுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. பாறையைக் கூர்ந்து பார்த்துப் பொறுமையாக வரையும் அந்தக் கண், சொல்லிக் கொடுக்கத் தாய் இல்லாமலே மகளிடம் வந்து சேர்ந்தது என்றே நாம் எண்ணுகிறோம்.

அண்ணன்மார் வேட்டைக்காரர். அவர்களுள் றூவலின் என்பவர் தென்னாபிரிக்காவில் சிங்க வேட்டையாடிப் பெரும் புகழ் பெற்றார். தாம் கொன்ற விலங்குகளின் தோலையும் கொம்பையும் இலண்டனில் காட்சிக்கு வைத்துப் பணமும் சம்பாதித்தார். தங்கையும் தூர தேசம் போனவர்தான். அவர் கொண்டுவந்தவை கடதாசியும் வர்ணமும்.

படிப்புக்கு இலண்டனுக்கு அருகே ஃபுல்ஹாமிலிருந்த ஹேர்மிற்றேஜ் லொட்ஜ் என்னும் பெண்கள் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்து உயர்குடிப் பெண்பிள்ளைகளுக்குச் சங்கீதமும் சித்திரமும் கல்யாணத்துக்கு வேண்டிய அணிகலன்கள். ஓவியக் கல்லூரிக்கு அவர் போனதில்லை. தாமாகவே பழகினார். வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்த ஓவியர்கள் அவ்வப்போது திருத்திக் கொடுத்தார்கள். விக்ரோறியா மகாராணியாரின் விருப்பத்துக்குரிய ஓவியரான எட்வின் லான்ட்சியரும் அவர்களுள் ஒருவர்.

1854 இல் தந்தையார் காலமானார். பட்டமும் மாளிகையும் அந்நாட்டு வழக்கப்படி மூத்த மகனைச் சேர்ந்தன. பெண்பிள்ளைகள் மணமாகிப் போக வேண்டும், அல்லது உறவினர் வீடுகளில் மாறி மாறி இருக்க வேண்டும். கொன்ஸ்ரன்ஸ் மணம் செய்யவில்லை. பதினேழாவது வயதிலிருந்து முப்பதாவது வயதுவரை அவருடைய வாழ்வைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. சகோதர சகோதரியர் வீடுகளில் பிரியமான சித்தியாகவும் மாமியாகவும் இருந்தார், வரைந்தார். அந்த நிலை எப்படிப்பட்டதென்று விளக்கவேண்டிய அவசியம் இந்த மலரை வாசிக்கும் பலருக்கு இருக்காது. ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு சித்தி இருந்திருக்கிறார்.

1867 இல் இந்தியாவிலிருந்த சகோதரியிடமிருந்து, ஒரு வருடம் வந்து தங்கிப் போகும்படி அழைப்பு வந்தது. கல்யாணம் பேசும் வயது தாண்டிவிட்டது என்று ஊர் தீர்மானித்துவிட்ட முப்பது வயதில் அவர் கப்பலேறினார். இமயமலைச் சாரல்வரை போய் வரைந்தார். அந்தப் பயணத்தின் பயனாக எழுதிய நூல் 1876 இல் வெளிவந்தது. அதற்கு முன்பே அடுத்த அழைப்பு வந்துவிட்டது, அது இலங்கையிலிருந்து.

அழைத்தவர் கொழும்பின் அங்கிலிக்கன் பேராயர் ஹியூ வில்லபி ஜேர்மின். அவர் இளமையில் போரெஸ் நகரத்துத் தேவாலயத்தில் குருவாக இருந்தவர். கொன்ஸ்ரன்ஸ் சிறுமியாக இருந்த காலத்திலேயே அந்தக் குடும்பத்துக்கு அறிமுகமானவர். 1870களின் முற்பகுதியில் இலங்கைக்கு வந்த அம்மையார் இங்கே இரண்டு வருடம் இருந்தார். சேர் வில்லியம் கிரெகரி தேசாதிபதியாக இருந்த காலம் அது. மலைநாடு முழுவதும் கோப்பித் தோட்டம். வடமத்திய மாகாணம் புதிதாக உருவாகிக்கொண்டிருந்தது. அநுராதபுரமும் பொலநறுவையும் இன்னும் பாதி காட்டுக்குள்ளேயே கிடந்தன. புகையிரதம் எட்டாத இடங்களுக்கு மாட்டுவண்டியிலும் குதிரையிலும் போக வேண்டும். இவையெல்லாம் தெரிந்தே அவர் தீவைச் சுற்றினார். சிவனொளிபாத மலையின் உச்சிவரை ஏறினார். கிழக்குக் கரைக்கும் வந்தார்.

அவர் வரைந்த முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஒரு நாளைக்கு ஒரு படமாவது கவனமாக வரையாமல் விடுவதில்லை என்பது பயணங்களில் அவர் தமக்கு விதித்துக்கொண்ட நியதி. எழுதுகோலால் கோடு கீறிவிட்டு வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வர்ணம் தீட்டுவது அவருக்குப் பிடிக்காது. இடத்திலேயே இருந்து வர்ணம் சேர்ப்பார். நமது சுவாத்தியத்தில் அது இலேசான வேலையல்ல. நீர்வர்ணத்துக்குக் கடதாசியின் வெண்மைதான் வெளிச்சம். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே வர்ணம் வைக்காமல் விடவேண்டும். வைத்துவிட்டால் திரும்ப எடுப்பது கடினம். மாரிகாலத்து ஈரத்தில் ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்த பூச்சு கலந்து குழம்பிவிடும். கோடையிலோ தூரிகை கடதாசியைத் தொடுமுன்னே காய்ந்துவிடும். உச்சி வெயிலில் நிழலெல்லாம் ஒடுங்கி, மலையும் மரமும் தட்டையாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் கிடைக்கும் சிறிது நேரந்தான் ஓவியருக்கு உரியது. நுளம்பையும் பூஞ்சணத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து நீளப் பாவாடையையும் மறக்கவேண்டாம். இவ்வளவையும் தாங்கி, வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை அவர் வரைந்து முடித்தார். நம்மில் எத்தனை பேர் சாதாரண தரப் பரீட்சையில் சித்திர பாடத்துக்கு அதிவிசேட சித்தி எடுத்துவிட்டு அன்றோடு தூரிகையைக் கழுவி வைத்தோம் என்பதை இந்த இடத்தில் எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

இனி நமது கதைக்கு வருவோம். அவர் திருகோணமலைக்கு வந்தபோது சுவாமி மலையின் உச்சியில் கோயில் இல்லை. இளைய தலைமுறையினர் சிலருக்கு இது புதிதாக இருக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அந்தக் கோட்டையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1870களில் பிறட்றிக் கோட்டைக்குள் ஆங்கிலப் படை குடியிருந்தது. அடியார்கள் அந்தப் படைவீடுகளைக் கடந்துதான் மலைக்குப் போகவேண்டும். அங்கே கோபுரமும் இல்லை, விமானமும் இல்லை, மணியும் இல்லை. கீழே கடல், மேலே பாறை. அந்தணர் ஒருவர் பாறையின் விளிம்பிலே நின்று கடலை நோக்கிப் பூசை செய்வார். பூவும் பழமும் வெற்றிலையும் தேங்காயும் படைத்து, அவற்றை மலையடியிலே புரளும் கடலில் இடுவார். கூடி நிற்பவர்கள் கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்புவார்கள்.

இந்தப் பூசையைக் கம்மிங் அம்மையார் கண்டு தம் நூலில் எழுதியிருக்கிறார். அங்கே திரண்ட அடியார் கூட்டத்தையும், இடிக்கப்பட்டு இரண்டரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்த இடத்தின் மகிமை குறையாமலிருந்ததையும் அவர் குறித்துவைத்தார். கோயில் இல்லாத காலத்திலும் வழிபாடு அறாமல் நடந்தது என்று நமது பாட்டிமார் சொல்லும்போது அது பக்தியாகக் கேட்கும். வெளியிலிருந்து வந்த, நமது சமயத்தில் எவ்வித பற்றும் இல்லாத ஒருவர் நேரிற் கண்டு எழுதியிருப்பதோ சான்று.

பற்று இல்லாதவர் என்று சொன்னோம். இன்னும் நேராகச் சொல்வதானால், அவர் மிஷன் பணியின் தீவிர ஆதரவாளர். இலங்கை மக்கள் எல்லோரும் கிறிஸ்தவர்களாக வேண்டும் என்று விரும்பியவர். அந்த நூலின் கணிசமான பகுதி மிஷன் வேலைகளுக்கு ஆதரவு தேடுவது. சைவ வழிபாட்டையும் பௌத்த வழிபாட்டையும் பற்றி அவர் எழுதியவற்றுட் சில இடங்கள் நமக்கு மனம் நோகச் செய்பவை. மேலைத்தேயத்தார் உயர்ந்தவர் என்ற எண்ணம் வரிகளுக்கிடையே தாராளமாகக் கிடக்கிறது. இதை மறைத்துவிட்டு மலருக்கேற்ற பாராட்டுரை எழுதுவது முறையல்ல. ஆனால் நாம் கண்ட ஒரு விடயத்தையும் சொல்லவேண்டும். தீர்ப்புச் சொல்லும்போது அவருடைய பேனா அவசரப்படுகிறது. பார்த்ததைச் சொல்லும்போதோ அதே பேனா நின்று நிதானித்து, என்ன மரம், என்ன பூ, யார் எங்கே நின்றார்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒன்றையும் விடாமல் பதிகிறது. அங்கே எழுதுவது ஓவியரின் கை. நமக்குப் பயன்படுவது அந்தக் கைதான். மிஷன் பாடசாலைகளிலே படித்துக்கொண்டே வீட்டில் விபூதி பூசி வளர்ந்த நம்மவர் பலருக்கு, ஒருவரிடமிருந்து நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதை அவரிடமே விட்டுவிடும் வித்தை புதிதல்ல.

இலங்கைக்குப் பிறகு அவருடைய பயணம் நீண்டது. 1875 இல், பீஜித் தீவுகளின் தேசாதிபதியாக நியமனம் பெற்ற சேர் ஆதர் கோர்டனின் குடும்பத்தோடு அங்கே போனார். பீஜி அதற்கு முந்திய வருடந்தான் பிரித்தானியர் கைக்கு வந்திருந்தது. 1875 இல் அங்கே பரவிய சின்னமுத்து நோயில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்தின் நடுவே போய்ச் சேர்ந்தவர் இரண்டு வருடம் தங்கினார். இந்தத் தேசாதிபதியின் காலத்திலேயே, 1879 இல், இந்தியக் கூலித் தொழிலாளரின் முதற் கப்பல் பீஜிக்குப் போனது. அவரே பின்னர் 1883 முதல் 1890 வரை இலங்கையின் தேசாதிபதியாகவும் இருந்தார். உலகம் சிறிதென்பது அன்றைய ஆளும் குடும்பங்களுக்கு உண்மைதான்.

பீஜியிலிருந்து சமோவாவின் கத்தோலிக்க ஆயர் பயணம் செய்த பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றில், அழைப்பின்பேரில், தொங்கா, சமோவா, தாகித்தித் தீவுகளுக்குச் சென்றார். கடற்படை வீரர்களும் கத்தோலிக்கக் குருமாரும் நிறைந்த கப்பலில் தனியாக ஒரு புரட்டஸ்தாந்துப் பெண்மணி! அந்தப் பயணத்தைப் பற்றிய அவருடைய நூல் மிகவும் விரும்பி வாசிக்கப்பட்டது. 1878 இல் கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கைப் பார்க்க மூன்று நாட்களுக்கென்று போனவர் மூன்று மாதம் தங்கிவிட்டார். புறப்படுமுன், அங்கே வரைந்த நீர்வர்ணப் படங்களை அந்தப் பள்ளத்தாக்கிலேயே காட்சிக்கு வைத்தார். அங்கே நடந்த முதலாவது ஓவியக் கண்காட்சி அதுவென்று சொல்லப்படுகிறது. கண்ணாடி ஏரி என்று பெயர்பெற்ற ஏரியின் கரையில் அந்நாட்டுப் பூர்வ குடிகள் வாழ்வதையும் ஒரு படத்தில் வரைந்திருக்கிறார். அவர்கள் அந்த நிலத்திலிருந்து ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிறகு ஜப்பான், சீனா. அதன்பின் ஹவாய்த் தீவில் எரிமலை வாயின் விளிம்பில் இருந்து கொதிக்கும் குழம்பை வரைந்தார். 1880 இல் ஸ்கொட்லாந்துக்குத் திரும்பியபோது அவருக்கு வயது நாற்பத்துமூன்று.

அதன்பின் பெரும்பாலும் கிரீஃப் என்னும் சிறு மலைநகரில் சகோதரியுடன் வாழ்ந்தார். படங்களையும் நாட்குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாடாகப் புத்தகம் எழுதினார். 1881 இல் பீஜி, 1883 இல் ஹவாய், 1884 இல் யொசெமிற்றி, 1886 இல் சீனா என்று அவை வெளிவந்தன. இலங்கையின் முறை 1892 இல் வந்தது. இரண்டு இன்பமான ஆண்டுகள் என்று பொருள்படும் தலைப்போடு, இரண்டு பாகங்களாக, அவருடைய படங்களுடன் எடின்பரோவில் வெளியான அந்த நூலை இன்று இணையத்தில் எவரும் வாசிக்கலாம். இலங்கையை விட்டுப் போய் ஏறக்குறைய பதினெட்டு வருடம் கழித்து எழுதியது என்பதை வாசிப்பவர் மறக்கக்கூடாது. அவர் வரைந்த கோப்பிக் குன்றுகள் அதற்குள் இலைநோயால் அழிந்து தேயிலையாக மாறியிருந்தன. மனிதர் கண்முன்னே ஒரு நிலம் எப்படி வேறொன்றாகிவிடும் என்பதைப் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுபவரே நன்றாக அறிவார். அந்த நூல் வெளிவந்ததற்கு முந்திய வருடம் குடும்பப் பெயர் இன்னொரு காரணத்தால் பத்திரிகைகளில் அடிபட்டது. அவருடைய மருமகன், அப்போதைய பட்டதாரி, சீட்டாட்டத்தில் மோசடி செய்தார் என்று எழுந்த வழக்கில் வேல்ஸ் இளவரசரே சாட்சிக்கூண்டில் ஏறினார். பட்டத்தைப் பெற்றவர் பெயரைக் கெடுத்தார்; பட்டம் பெறாத அத்தை பெயரைக் காத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

பெய்ஜிங்கில் அவர் சந்தித்த ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹில் மறே, மரஅரிவு ஆலை விபத்தில் ஒரு கையை இழந்தவர். வேதப்புத்தகம் விற்பவராகச் சீனாவுக்குப் போய், தெருவிலே பிச்சையெடுத்த பார்வையற்றோருக்காக, சீன மொழியின் ஒலிகளை இலக்கங்களாக்கித் தொட்டு வாசிக்கும் ஒரு முறையை உருவாக்கினார். அவருக்கு உதவி திரட்டுவதைக் கம்மிங் அம்மையார் தம் பிற்கால வாழ்வின் முக்கிய வேலையாக ஏற்றுக்கொண்டார். சிறு நூல்கள் எழுதினார், வேண்டுகோள்கள் விடுத்தார், நிதி சேர்த்தார். தம் வாழ்நாள் முழுவதும் கண்ணால் வாழ்ந்த ஒருவர் கண்ணில்லாதவருக்காக உழைத்தது எங்களை மிகவும் தொட்டது. 1904 இல் தம் வாழ்க்கை நினைவுகளை வெளியிட்டார். 1924 செப்டெம்பர் 4 இல் கிரீஃபில், எண்பத்தேழாவது வயதில் காலமானார்.

அவருடைய ஓவியங்களைப் பற்றி ஒரு குறை உண்டு. அதே காலத்தில் உலகெங்கும் போய்ச் செடிகொடிகளை வரைந்த மரியான் நோர்த் என்ற ஆங்கிலப் பெண்மணி, இலங்கைக்கும் வந்தவர், சொந்தச் செலவில் இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் ஒரு கூடமே கட்டித் தம் படங்களை ஒப்படைத்தார். 1882 இல் திறக்கப்பட்ட அந்தக் கூடத்தில் அவை இன்றும் ஒன்றாக இருக்கின்றன. கம்மிங் அம்மையாரிடம் அத்தகைய செல்வம் இல்லை. அவருடைய படங்கள் உறவினரிடமும், வாங்கியவர்களிடமும், அமெரிக்க, பிரித்தானிய அரும்பொருளகங்களிலுமாகச் சிதறிப்போயின. புத்தகங்களில் அச்சான படங்களில் மூலத்தின் வர்ணம் இல்லை.

படம் சிதறிப்போவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். 2006 இல் நமது பகுதியே இடம்பெயர்ந்து, வாகரை வழியாக மட்டக்களப்பை நோக்கி நடந்தபோது, கையில் எடுத்துப் போனவை அடையாள அட்டையும் பிள்ளைகளுமே. திரும்பி வந்தபோது திருமண அல்பங்கள் இல்லை, பரிசளிப்பு விழாப் படங்கள் இல்லை, வலைப்பந்துக் குழுவோடு நின்று எடுத்த படமும் இல்லை. களப்போரத்துக் கண்டல் அன்று எவ்வளவு தூரம் இருந்தது, மூதூர் லோஞ்சுத் துறை எப்படியிருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் வாயால்தான் சொல்லவேண்டியிருக்கிறது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்து, வீதியும் சீரான பின், குடாவைப் படகில் கடந்து திருகோணமலைக்குப் போகும் வழக்கமே குறைந்துவிட்டது. குடாவின் நடுவிலிருந்து துறைமுகத்து மலைகளைப் பார்த்த கண்கள் இனிக் குறைவு.

சுவாமி மலையின் கதை நல்லபடியாகத் திரும்பியது. 1950 இல் நகரில் கிணறு வெட்டும்போது பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சில வருடங்களில் கடலுக்கடியிலிருந்து இலிங்கமும் எடுக்கப்பட்டது. மலையுச்சியில் மீண்டும் எழுந்த கோயிலுக்கு 1963 இல் கும்பாபிஷேகம் நடந்தது. அம்மையார் கண்ட வெறும் பாறையை இனி எவரும் காணமுடியாது; காண வேண்டுமென்று நாம் விரும்பவும் மாட்டோம்.

எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் இலண்டனிலும் கலிபோர்னியாவிலும் வாழும் நமது பழைய மாணவிகளிடம் ஒரு விண்ணப்பம். அரும்பொருளகத்திலோ, ஏலக்கடையிலோ, பழைய வீட்டுச் சுவரிலோ கோர்டன் கம்மிங் என்ற பெயருள்ள நீர்வர்ணப் படம் கண்ணிற் பட்டால், அதிலே தென்னையும் பாறையும் நீலக் கடலும் இருந்தால், அனுமதி பெற்று ஒரு நிழற்படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். திருகோணமலையா, மட்டக்களப்பா, காலியா என்பதை நாங்கள் பார்த்துச் சொல்லுவோம்.